தன்னிடமே திருடியவர்

குற்றவியல் நீதித் துறையில் அவருக்குச் ‘சந்தேக சார்’ என்று பெயர். அவர் யாரையும் சந்தேகித்ததால் வந்த பெயர் அல்ல. ஒவ்வொரு ஆண்டும் முதல் வகுப்பில் கரும்பலகையின் மேல் ஓரத்தில் ‘சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்கே’ என்று எழுதிவிட்டு, பருவம் முடியும் வரை அதை யாரும் அழிக்க விடமாட்டார். மற்றப் பாடங்களெல்லாம் மீதி இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நடக்கும். மாணவர்கள் வைத்த பெயரில் கேலி பாதி, பாசம் பாதி. எது அதிகம் என்ற சந்தேகத்தின் பலனையும் அவர் மாணவர்களுக்கே கொடுத்துவிட்டார்.

வாரத்தில் ஒரு நாள் அவர் சிறைக்குப் போவார். விசாரணை முடியாமல் அடைபட்டிருப்பவர்களிடம் பேசிவிட்டு வருவார். துறையில் சிறைக்குள் போய் வந்தவர் அவர் ஒருவர்தான். பதவி உயர்வுக்கான புள்ளிக் கணக்கில் அதற்கு மதிப்பில்லை. சிறையைப் பற்றிய கருத்தரங்கில் மதியச் சாப்பாடு வரை உட்கார்ந்திருந்தால் புள்ளி உண்டு. சாப்பாட்டுக்குப் பிறகும் உட்கார்ந்திருந்தால் கூடுதல் புள்ளி. சிறையிலேயே உட்கார்ந்திருப்பதற்கு விதிகளில் இடம் ஒதுக்கவில்லை. அதனால் அவரோடு வேலைக்குச் சேர்ந்தவர்கள் பேராசிரியர்களாகி, அவரிடம் படித்த ஒருவர் டீனாகவும் ஆன பிறகும், அவர் இணைப் பேராசிரியராகவே இருந்தார். அவருக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. வருத்தப்படும் பொறுப்பை அவர் மனைவி ஏற்றுக்கொண்டிருந்தார்.

சிறையில் ஒரு தையல்காரர் இருந்தார். ஒரு கடையில் துணிக்கட்டு காணாமல் போன வழக்கில் பிடித்து வரப்பட்டவர். குற்றம் நிரூபணமாகியிருந்தால் எப்போதோ தண்டனை முடிந்து வெளியே போயிருப்பார். நிரூபணமாகாததால் உள்ளே இருந்தார். சிறையில் ஊசி கொடுக்க மாட்டார்கள். பார்வையாளர் அறையின் கம்பி வலையைத்தான் அவர் தம் கண்ணுக்குப் பரிசோதனையாக வைத்துக்கொண்டிருந்தார்.

“முன்னெல்லாம் ஒவ்வொரு ஓட்டையும் தனித்தனியா தெரியும் சார். இப்ப எல்லாம் ஒண்ணா சேர்ந்து புகை மாதிரி இருக்கு. ஊசியில நூல் கோக்க முடியற காலத்துக்குள்ள வெளிய வந்துட்டா போதும். அப்புறம் என்னைத் திருடன்னு யார் சொன்னாலும் சொல்லிட்டுப் போகட்டும்.”

அதற்கு ஒரு வழியும் பிறந்திருந்தது. விசாரணையில்லாமல் நெடுங்காலம் அடைபட்டிருப்பவர்களைப் பற்றிப் பல்கலைக்கழகம் ஓர் அறிக்கை கொடுத்தால், அவர்கள் வழக்குகளை ஒரே அமர்வில் எடுத்துக்கொள்வதாக நீதிமன்றம் சொல்லியிருந்தது. அறிக்கை தயார். ஆய்வு செய்தவர் கையெழுத்துப் போட வேண்டும், அதன்மேல் பல்கலைக்கழக முத்திரை விழ வேண்டும், அவ்வளவுதான். சந்தேக சார் பேனாவைத் திறந்த அந்த வாரத்தில்தான் அவர் கையெழுத்திடும் உரிமை நிறுத்திவைக்கப்பட்டது.

காரணம், பேராசிரியர் பதவிக்கு அவர் அனுப்பியிருந்த விண்ணப்பம். அதோடு ஒரு புதிய கட்டுரை இணைக்க வேண்டும் என்பது விதி. பல்கலைக்கழகம் கட்டுரைகளைப் படிப்பதை நிறுத்திவிட்டு, அவற்றைச் சோதிக்கும் இயந்திரம் ஒன்றை வாங்கியிருந்தது. இவருடைய கட்டுரை, பல ஆண்டுகளுக்கு முன்பு ஓர் இளம் விரிவுரையாளர் எழுதிய கட்டுரையிலிருந்து திருடப்பட்டது என்று அந்த இயந்திரம் கண்டுபிடித்தது. அந்த இளம் விரிவுரையாளரும் இவர்தான்.

‘தீர்ப்பு வருவதற்குள் தண்டனை முடிந்துவிடுகிறது. தீர்ப்பு மட்டும் வருவதில்லை’ என்று அன்று எழுதியிருந்தார். இன்றும் அதையே எழுதியிருந்தார். பழையதைப் பார்த்து எழுதவில்லை. சிறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் எழுதினார். பார்த்தது பழையதாக இருந்தது.

டீனிடம் போய், நிலைமை மாறவில்லை, அதனால்தான் வாக்கியமும் மாறவில்லை என்று விளக்கினார்.

டீன் எழுந்து நின்று வணங்கினார். தம் ஆசிரியரிடம் அவருக்கு மரியாதை அதிகம். “நிலைமை மாறாம இருக்கலாம் சார். அது நம்ம கையில இல்ல. ஆனா வாக்கியத்தை மாத்தறது உங்க கையிலதானே இருந்துது?”

விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. திருட்டு என்றால் திருடியவர் ஒருவரும் பறிகொடுத்தவர் ஒருவரும் இருந்தாக வேண்டும் என்று துறையின் பாடநூலிலேயே இருக்கிறது. எனவே இரண்டு கோப்புகள் திறக்கப்பட்டன. குற்றம் சாட்டப்பட்டவர் கோப்பு சிவப்பு. பாதிக்கப்பட்டவர் கோப்பு பச்சை. இருவரும் எந்த நிலையிலும் ஒரே அறையில் சந்திக்கக் கூடாது என்று ஒரு விதி உண்டு. முன்பு ஒரு மாணவி, தன்னைத் துன்புறுத்தியவன் எதிரிலேயே உட்கார்ந்து அழ நேர்ந்தபோது, சந்தேக சார் குழுவுக்குக் குழு அலைந்து கொண்டுவந்த விதி அது. நல்ல விதி. ஆகவே அதை மீற யாருக்கும் மனம் வரவில்லை.

காலையில் பாதிக்கப்பட்டவரை அழைத்தார்கள். மெத்தை போட்ட நாற்காலி, தேநீர், பிஸ்கட், கண்ணீர் துடைக்கக் காகிதக் கைக்குட்டை எல்லாம் இருந்தன. பாதிக்கப்பட்டோரின் துயரத்தில் சிறப்பு ஆய்வு செய்திருந்த பேராசிரியை தாழ்ந்த குரலில் விசாரித்தார்.

“துறைக்குள்ள வரவே உங்களுக்குப் பயமா இருக்கா சார்?”

யோசித்துவிட்டு, “கொஞ்ச நாளா இருக்கு மேடம்” என்றார்.

“அவர் உங்களுக்கு ரொம்பத் தெரிஞ்சவரா?”

“ஒரே வீட்லதான் இருக்கோம்.”

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். எப்போதும் கூடவே இருப்பவர்கள்தான் இப்படிச் செய்வார்கள் என்றும், அதை வைத்துத் தாம் ஒரு நூல் எழுதியிருப்பதாகவும் சொன்னார். சந்தேக சாருக்கு அந்த அன்பு கொஞ்சம் தைரியத்தைக் கொடுத்தது. எனக்கு எந்தப் புகாரும் இல்லை, அவரை மன்னித்துவிட்டேன், இதோடு முடித்துக்கொள்ளலாம் என்று கேட்டுக்கொண்டார்.

பிற்பகலில் குற்றம் சாட்டப்பட்டவரை அழைத்தார்கள். அதே அறை. மெத்தை நாற்காலிக்குப் பதில் ஸ்டூல். தேநீர்க் கோப்பைகளை எடுத்துவிட்டிருந்தார்கள். காலை வரை உறுதியாக இருந்த பாதிக்கப்பட்டவர் திடீரென்று பின்வாங்கிவிட்டார் என்று டீன் வருத்தத்தோடு அறிவித்தார்.

“அவர் இந்த அறைக்கு வர்றதுக்கு முன்னாடி அவரோட யார் இருந்தாங்க சார்?”

“நான்தான் இருந்தேன்.”

“தனியாவா?”

“தனியாத்தான்.”

டீன் மற்ற உறுப்பினர்களைப் பார்த்தார். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். சாட்சியை மிரட்டிக் கலைத்தது என்று சிவப்புக் கோப்பில் இரண்டாவது குற்றச்சாட்டு சேர்ந்தது.

அப்போது சந்தேக சார் சட்டையின் மேல் பட்டனைத் திருகிக்கொண்டிருந்தார். அது கையோடு வந்து, தரையில் விழுந்து உருண்டு, டீனின் மேசைக்கு அடியில் போய்விட்டது. அது விசாரணை நடந்துகொண்டிருக்கும் அறையில் விழுந்த பொருள் என்பதால் எடுக்கலாமா கூடாதா என்று குழு சிறிது நேரம் ஆலோசித்தது. குழுவின் பேச்சைத் தட்டச்சு செய்துகொண்டிருந்த அம்மா எழுந்து, குனிந்து, எடுத்துவிட்டார். இடைவேளையில் தாழ்வாரத்தில் அவரை நிறுத்திக் கைப்பையிலிருந்து ஊசியையும் நூலையும் எடுத்தார். நூல் நீலம். சட்டை வெள்ளை.

“இதுதான் இருக்கு சார். பரவாயில்லையா?”

பரவாயில்லை என்று சொல்ல நினைத்தார். அன்றைக்குத் தம்மிடம் அனுமதி கேட்டவர் அந்த அம்மா ஒருவர்தான். தலையை மட்டும் அசைத்தார். அந்த அம்மா நூலைப் பல்லால் கடித்துவிட்டுத் தம் இடத்துக்குப் போனார்.

தமக்குக் கூடாதென்றால் அறிக்கையில் வேறு யாராவது கையெழுத்துப் போடட்டும் என்று அன்று அவர் கெஞ்சிப் பார்த்தார். சிறைச் சீர்திருத்தம் பற்றித் தடித்த புத்தகங்கள் எழுதிய பேராசிரியர் குழுவில் இருந்தார். அவர் நெஞ்சில் கைவைத்து மறுத்தார். “நான் உள்ள போனதே இல்லையே. அந்த வாடை எனக்கு ஒத்துக்காது. பார்க்காததைப் பார்த்ததா கையெழுத்துப் போடச் சொல்றீங்களா? இந்தத் துறையில யாரும் அப்படி நேர்மையில்லாம நடந்துக்க மாட்டோம்.”

உள்ளே ஒரு மனிதனின் கண் போய்க்கொண்டிருக்கிறது என்று சந்தேக சார் சொன்னார். அதற்கு டீன் பதில் சொன்னபோது குரலில் உண்மையாகவே உருக்கம் இருந்தது. “சார், இங்க நாம நீதியைக் கத்துத்தர்றோம். அதைச் செய்யறது வேற டிபார்ட்மெண்ட்.”

மறுநாள் பாதுகாப்பு உத்தரவு வந்தது. குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவரை நெருங்கவோ பேசவோ கூடாது. வளாகத்துக்கு வெளியே பல்கலைக்கழகம் கொடுத்திருந்த குடியிருப்பு பாதிக்கப்பட்டவருக்கே உரியது. அவரை மட்டும் உள்ளே அனுமதிப்பதாக அவர் மனைவி கையெழுத்திட வேண்டும். மனைவி அதைப் படித்துவிட்டு, வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த கணவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஏங்க, இப்ப வந்திருக்கிறது யாரு? சொல்லிட்டு உள்ள வாங்க. தப்பானவரை உள்ள விட்டுட்டா நாளைக்கு என் பேர்லயும் கேஸ் போடுவாங்க.”

அவர் சிரிக்கவில்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். வழக்குகள் எடுக்கப்படும் நாள் அடுத்த வாரம் வந்துவிடும். அதைத் தவறவிட்டால் மறுபடி எப்போது என்று யாருக்கும் தெரியாது. சிறை வாசலில் அன்று காலை, விசாரணையில் இருப்பவர் என்று அவரை உள்ளே விடவில்லை. தையல்காரர் வலைக்கு அந்தப் பக்கம் நின்று இவரைத் தேடியிருப்பார். புகைக்குள் யாராவது அசைகிறார்களா என்று பார்த்திருப்பார். இறைவா, எனக்கு எந்தப் பதவியும் வேண்டாம், என் கையெழுத்தை மட்டும் திருப்பிக் கொடு என்று அவர் வாய்விட்டே சொன்னார்.

மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தார். பிறகு எரிச்சல் தாங்காமல், “உங்க கையெழுத்துதானே செல்லாது? அந்த இன்னொருத்தர் நல்லவராச்சே. நாற்காலி போட்டு பிஸ்கட் எல்லாம் குடுத்தாங்களே. அவர்கிட்ட வாங்கிக்கோங்க” என்றார்.

சந்தேக சார் தம்ளரைக் கீழே வைத்தார்.

பாதிக்கப்பட்டவர் பெயரில் பச்சைக் கோப்புக்கு ஒரு மனு போயிற்று. திருடப்பட்ட ஆய்வு தமது என்பதால், அந்த ஆய்வின்மீது எழுந்த அறிக்கையில் தாமே கையெழுத்திட விரும்புவதாக அதில் கண்டிருந்தது. துயரத்தில் சிறப்பு ஆய்வு செய்த பேராசிரியை மனம் நெகிழ்ந்துபோனார். பறிகொடுத்தவருக்கு அவர் குரலைத் திருப்பிக் கொடுப்பதுதான் இந்தத் துறையின் பெருமை என்றார். குழு முழுவதும் மகிழ்ந்தது. ஒரே ஒரு தடை இருந்தது. விசாரணை முடியும் வரை அவர் பாதிக்கப்பட்டவர் என்று கருதப்படுபவர்தான். குற்றம் நிரூபணமானால்தான் பாதிக்கப்பட்டவர் ஆவார். விசாரணை முடிய அடுத்த கல்வியாண்டு ஆகும். சாட்சி விசாரணையே இன்னும் தொடங்கவில்லை.

“சீக்கிரம் முடிய ஏதாவது வழி இருக்கா?” என்று சந்தேக சார் கேட்டார். அப்போது அவர் ஸ்டூலில் இருந்தார்.

“குற்றம் சாட்டப்பட்டவர் ஒத்துக்கிட்டா இன்னிக்கே முடிஞ்சுடும் சார். நீங்க சொல்லித்தராததா?” என்றார் டீன்.

அவர் சொல்லித்தந்ததுதான். வாக்குமூலம் பற்றிய வகுப்பை அவர் எப்போதும் ஒரே மாதிரி தொடங்குவார். ஒருவன் குற்றத்தை ஒத்துக்கொண்டால் உடனே நம்பாதீர்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் அவனுக்கு என்ன ஆகியிருக்கும் என்று முதலில் கேளுங்கள். டீன் அந்த வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டவர். தேர்வில் அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியவர்.

டீன் எதையும் கேட்கவில்லை.

“நான் திருடினேன்” என்றார் சந்தேக சார்.

தட்டச்சுச் சத்தம் நின்றது. “சார், இதை எழுதிக்கட்டுமா?” என்று அந்த அம்மா கேட்டார்.

“எழுதுங்கம்மா.”

அந்த அம்மா எழுதவில்லை. சந்தேக சாரின் சட்டையில் மேல் பட்டனையே பார்த்துக்கொண்டிருந்தார். “நிஜமாவே எழுதிக்கட்டுமா சார்?”

குற்றம் சாட்டப்பட்டவரிடம் ஊழியர்கள் பேசக் கூடாது என்று டீன் நினைவுபடுத்தினார். பிறகு சத்தம் மெதுவாகத் தொடங்கியது.

தீர்ப்பு அன்றே வந்தது. அவருடைய வேலைக்காலத்தில் அந்தத் துறையில் இவ்வளவு விரைவாக எதுவும் நடந்ததில்லை. குற்றவாளி பணியிலிருந்து நீக்கப்பட்டார். வளாகத்துக்குள் நுழையவும், குடியிருப்பில் இருக்கவும் உரிமை இழந்தார். பாதிக்கப்பட்டவர் கையெழுத்திட்ட அறிக்கை முத்திரை விழுந்து நீதிமன்றத்துக்குப் போனது. அவருக்கு ஆறுதலாக ‘பறிகொடுத்தவரின் குரல்’ என்ற கருத்தரங்கும் ஏற்பாடாயிற்று. தலைமை விருந்தினர் அவரே.

கருத்தரங்கு நாளில் அவர் அழைப்பிதழோடு வாசலுக்குப் போனார். காவலாளியின் ஒரு கையில் தலைமை விருந்தினரை வணங்கி உள்ளே விடச் சொல்லும் உத்தரவும், மறு கையில் குற்றவாளியை உள்ளே விடக் கூடாது என்ற உத்தரவும் இருந்தன. இரண்டிலும் ஒரே புகைப்படம். காவலாளி இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தம் முக்காலியை மர நிழலுக்கு இழுத்துப் போட்டார்.

“வெயில்ல நிக்காதீங்க சார். இங்க உக்காருங்க. இந்த இடத்தை உள்ளன்னும் சொல்லலாம், வெளியன்னும் சொல்லலாம்.”

அங்கே உட்கார்ந்தபடி ஒலிபெருக்கியில் டீனின் உரையைக் கேட்டார். மேடையில் தலைமை விருந்தினரின் நாற்காலி காலியாக இருப்பதை டீன் சபைக்குச் சுட்டிக்காட்டினார். “அவர் ஏன் வரல? பயம். வாயடைச்சுப் போயிட்டார். இந்தச் சமுதாயம் அவரைப் பேச விடல. அந்தக் காலி நாற்காலி நம்ம எல்லாரையும் பார்த்துக் கேள்வி கேக்குது.” நீண்ட கைத்தட்டல் கேட்டது. கலந்துகொண்ட எல்லாருக்கும் புள்ளி கிடைத்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் இருந்தவர்களுக்குக் கூடுதலாக.

நீதிமன்றம் அறிக்கையைப் படித்தது. யார் யாரிடம் திருடியது என்பதில் அதற்கு அக்கறை இல்லை. அடைபட்டிருந்தவர்களின் வழக்குகள் ஒரு காலைப் பொழுதில் எடுக்கப்பட்டன. தையல்காரர் ஒரு துணிப்பையோடு வெளியே வந்தார். சிறை வாசலில் சந்தேக சார் நின்றிருந்தார். தையல்காரர் அவரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போய்விட்டார். குரல் கேட்டுத்தான் திரும்பினார்.

சந்தேக சார் அவரை வீட்டுக்கு அழைத்து வந்தார். வீட்டில் பாதி சாமான் மூட்டையாகியிருந்தது. தீர்ப்போடு பாதுகாப்பு உத்தரவும் முடிந்துவிட்டதால் இரண்டு நாளில் காலி செய்ய வேண்டும். போகும் இடம் இன்னும் அமையவில்லை. மனைவி மூன்று தட்டுகளை மட்டும் மூட்டையிலிருந்து எடுத்தார். மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். எங்கயாவது மாத்தலா சார் என்று தையல்காரர் கேட்டார். ஆமாம் என்று சந்தேக சார் சொன்னார். வாழ்நாளில் அவர் சொன்ன இரண்டாவது பொய் அது. முதலாவது கோப்பில் இருக்கிறது.

கை கழுவி வந்த தையல்காரர் அவர் சட்டைக்கருகில் முகத்தைக் கொண்டுபோனார். விரலால் மேல் பட்டனைத் தொட்டார். “இதை யார் தச்சது? தையல்காரன் போட்ட முடிச்சு இல்ல. ஆனா கெட்டியா இருக்கு. நூலு வேற நிறமோ?”

“நீலம்” என்றார் சந்தேக சார்.

“மாத்தித் தந்துடறேன் சார். ஊசி இருக்காம்மா?”

“இதை மாத்த வேணாம். இது இருக்கட்டும்.”

அந்தக் குரலில் என்ன இருந்ததோ, தையல்காரர் ஏன் என்று கேட்கவில்லை. “அப்ப மத்த பட்டனையெல்லாம் நீலத்துல தச்சிடறேன். எல்லாம் ஒண்ணாயிட்டா இதுதான் சரின்னு ஆயிடும்.”

மனைவி ஒரு மூட்டையை அவிழ்த்து ஊசி நூல் டப்பாவைத் தேடி எடுத்தார். தையல்காரர் ஜன்னலோரம் போய் நின்றார். நூலை உதட்டில் நனைத்தார். ஊசியை வெளிச்சத்துக்கு உயர்த்தினார். நூல் ஊசியைத் தாண்டிப் போயிற்று. மறுபடி நனைத்தார். மறுபடியும் தாண்டியது. அவர் கை நடுங்கவில்லை. ஊசி இருக்கும் இடத்தில் அவருக்கு ஊசி தெரியவில்லை, அவ்வளவுதான். சந்தேக சார் மூட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் பார்க்க அவருக்குத் தெம்பில்லை. எல்லாவற்றையும் கொடுத்து வாங்கிய நாள் கொஞ்சம் தாமதித்து வந்திருந்தது.

“இந்த வீட்ல இந்த ஜன்னல் ஒரு தொல்லைங்க. வெளிச்சமே வராது” என்று சொல்லிக்கொண்டே மனைவி போனார். ஜன்னலில் வெயில் கொட்டிக்கொண்டிருந்தது. பேச்சோடு பேச்சாக ஊசியை வாங்கினார், நூலைக் கோத்தார், அவர் விரல்களுக்கிடையில் திருப்பி வைத்தார். “புது வீடு எப்படியிருக்குமோ. நீங்க பக்கத்துல எங்கயாவது இருந்தா நல்லது. கோத்துக் குடுக்க நான் இருக்கேன், தச்சுக் குடுக்க நீங்க இருப்பீங்க. இவருக்குத்தான் வேலை இல்ல.”

தையல்காரர் ஜன்னலை விட்டு வந்து உட்கார்ந்தார். சட்டையை மடியில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார். பிறகு கைகள் தாமாகவே நடந்தன. ஊசி துணிக்குள் இறங்கியது, ஏறியது. ஒரே அளவில், ஒரே இழுப்பில். பட்டன் ஒவ்வொன்றாக நீலமாகிக்கொண்டு வந்தது. பனியனோடு மூட்டைமேல் உட்கார்ந்திருந்த சந்தேக சார், சட்டை தயாராகக் காத்திருந்தார்.